ஒரே டயல்-அப் இணைப்பை இரண்டு பழைய கணினிகளில் பயன்படுத்துவது எப்படி?

விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் (ஒரு கணினியின் இணைய இணைப்பை மற்றக் கணினியோடு பகிர்வது) வசதி உண்டு. 98-இன் முதல் பதிப்பில் அது கிடையாது. எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவை: மோடம் (தொலைபேசி வழியே இணையத்தில் சேர்க்கும் கருவி) உள்ள ஒரு கணினி (இதுதான் ஹோஸ்ட்), இரண்டிலும் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டு, ஒரு கிராஸ்ஓவர் கேபிள் (இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க, கம்பிகள் உள்ளே மாற்றிப் போடப்பட்டது). சாதாரண நேர் கேபிளை நேரடியாகச் செருகினால் பழைய கார்டுகளில் லிங்க் விளக்கு எரியாது. மூன்றாவது கணினியும் சேரும் என்றால் ஹப்பும் (பல கணினிகளை இணைக்கும் பெட்டி) நேர் கேபிள்களும் வாங்கிவிடுங்கள்.

1. ஹோஸ்டில் மட்டும் டயல் செய்து, இணையம் வருகிறதா என்று பாருங்கள். இது சரியாகாமல் அடுத்ததைத் தொடவே வேண்டாம்.

2. ஹோஸ்டில் கண்ட்ரோல் பேனல், ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ், விண்டோஸ் செட்டப், இன்டர்நெட் டூல்ஸ் என்று போய் ஷேரிங்கை நிறுவுங்கள். விண்டோஸ் சிடி கேட்கும். விஸார்டில் டயல்-அப் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். உள் நெட்வொர்க்குக்கு எந்த அடாப்டர் என்று கேட்டால் நெட்வொர்க் கார்டைக் காட்டுங்கள். இங்கே மாற்றிக் காட்டிவிட்டால் பிறகு எதுவும் ஓடாது. ரீஸ்டார்ட் ஆனதும் அந்தக் கார்டுக்கு 192.168.0.1 என்ற முகவரி வந்திருக்கும்.

3. மற்றக் கணினியில் கார்டின் டிசிபி/ஐபி (நெட்வொர்க்கில் கணினிகள் பேசிக்கொள்ளும் முறை) அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறும்படி விடுங்கள். கேட்வே (வெளியே போகும் வழி) காலியாகவும் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்குவது) முடக்கியும் இருக்கட்டும், எல்லாம் ஹோஸ்டே தரும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் 'நெவர் டயல் எ கனெக்‌ஷன்'.

4. ரன் பெட்டியில் winipcfg என்று அடித்து, கார்டைத் தேர்ந்து முகவரியைப் பாருங்கள். 192.168.0 என்று தொடங்கினால் சரி. 169.254 என்று தொடங்கினால் ஹோஸ்ட் பதில் தரவில்லை என்று அர்த்தம்: கேபிளையும், ஹோஸ்ட் ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிட்டு அதே பெட்டியில் ரிலீஸ் (பழைய முகவரியை விட), ரினியூ (புதிது கேட்க) கொடுங்கள்.

ஹோஸ்டில் டயல்-அப் அடாப்டரின் டிசிபி/ஐபியிலிருந்து ஃபைல் ஷேரிங் பிணைப்பை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஃபோல்டர்கள் இணையத்துக்கும் திறந்திருக்கும்.

வேகத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். 56கே மோடத்தில் நொடிக்கு 5 கிலோபைட் அளவுதான் இறங்கும். ஒருவர் டவுன்லோடு போட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். மோடம் டயல் செய்து முடிப்பதற்குள் முதல் பக்கம் பிழை காட்டலாம், ரிஃப்ரெஷ் செய்தால் போதும். யாரும் தொடாமலே இரவில் மோடம் டயல் செய்கிறதா? மற்றக் கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்னஞ்சல் பார்க்கும் அமைப்பை நிறுத்துங்கள்.