பேட்டன்ட் தேடுறது எப்படி: வார்த்தையை விட கிளாஸ் கோடு தான் முக்கியம்

புதுசா ஒரு ஐடியா தோணிருக்கு, இதுக்கு ஏற்கனவே யாராவது பேட்டன்ட் வாங்கிட்டாங்களானு பாக்கணும்னா உடனே காசு கொடுத்து ஆள் வைக்கணும்னு இல்ல, முதல் கட்டத் தேடலை நீங்களே பண்ணிடலாம். பேட்டன்ட்ங்கிற ஏற்பாடே அப்படித்தான், கண்டுபிடிச்சவரு அதை எப்படி செய்றதுனு முழுசா எழுதிக் கொடுக்கணும், பதிலுக்கு பொதுவா ஃபைல் பண்ண தேதியிலேர்ந்து 20 வருஷம் வரைக்கும் அவருக்கு மட்டும் உரிமை. எழுதிக் கொடுத்தது எல்லாம் ஊரறிய வெளியாகும். அதெல்லாம் இன்னைக்கு ஆன்லைன்ல ஃப்ரீயா கிடக்கு, ஆனா நிறைய பேர் ரெண்டு வார்த்தை போட்டுப் பாத்துட்டு "ஒண்ணும் வரல, நம்ம ஐடியா புதுசு தான்"னு முடிவு கட்டிடறாங்க. அது ரொம்ப ஆபத்தான முடிவுங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல எங்க தேடுறதுனு பாத்துடுவோம். மூணு சைட் போதும் ஆரம்பிக்க. ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸோட எஸ்பாஸ்நெட், 1998லேர்ந்து இருக்கு, உலகம் பூரா உள்ள 15 கோடிக்கும் மேல டாக்குமென்ட் அதுல இருக்கு, லாகின் எதுவும் வேணாம். ரெண்டாவது ஐநா அமைப்பான வைப்போ நடத்துற பேட்டன்ட்ஸ்கோப், பல நாட்டுக்கு ஒரே அப்ளிகேஷனா போடுற பிசிடி அப்ளிகேஷன் எல்லாம் அங்க தான் வெளியாகும். மூணாவது அமெரிக்க ஆபீஸான யுஎஸ்பிடிஓவோட பேட்டன்ட் பப்ளிக் சர்ச், 2022ல வந்தது, பழைய கட்டுரைகள்ல பேட்எஃப்டி, ஆப்எஃப்டினு அவங்களோட பழைய தேடல் சைட் பேரு போட்டிருந்தா அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அதெல்லாம் மூடியாச்சு. இது போக ஜப்பானுக்கு ஜே-பிளாட்பேட், கொரியாவுக்கு கிப்ரிஸ், ஜெர்மனிக்கு டெபாடிஸ்நெட், இந்தியாவுக்கு இன்பாஸ்னு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியா இருக்கு. இன்பாஸ்ல பப்ளிஷ்டு, கிராண்டட்னு ரெண்டு டிக் பாக்ஸ் இருக்கும், எதை டிக் பண்ணிருக்கீங்கனு பாத்துட்டு தேடுங்க. கூகுள் பேட்டன்ட்ஸும் நல்லா தான் இருக்கு, வேகமா வரும், ஆனா அதுல காட்டுற ஸ்டேட்டஸ் ஒரு அனுமானம் தான்னு அவங்களே போட்டிருக்காங்க, அதனால கடைசி முடிவுக்கு அரசாங்க சைட்டுக்குத் தான் வரணும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு பலத்த காத்துல மேல திரும்பிக்காத ஒரு குடை யோசிச்சிருக்கீங்கனு வெச்சுக்கோங்க. எஸ்பாஸ்நெட்ல இங்கிலீஷ்ல அம்ப்ரெல்லா, விண்ட்னு அடிச்சா ஏகப்பட்டது வந்து கொட்டும், அதுல பாதி கடற்கரை நிழற்குடை, தோட்டக் குடை. அதை விடப் பெரிய சிக்கல் என்னன்னா வரவேண்டியது வராம போறது தான். பேட்டன்ட் எழுதுறவங்க நம்மள மாதிரி பேச மாட்டாங்க, தன்னோட உரிமை எவ்வளவு தூரம் விரியுமோ அவ்வளவு விரியணும்னு பொதுவான வார்த்தையாத் தேடிப் போடுவாங்க, குடைனு நேரா சொல்லாம கேனபினு இருக்கும், பாரசோல்னு இருக்கும், சன்ஷேட்னு இருக்கும், சில சமயம் கையில எடுத்துட்டுப் போற மறைப்புச் சாதனம்னு இருக்கும். சீனாவுலயோ ஜப்பான்லயோ போட்டதா இருந்தா மெஷின் மொழிபெயர்ப்புல வார்த்தையே வேற எதுவோ ஆகியிருக்கும். எத்தனை வார்த்தையைனு நீங்க யோசிப்பீங்க?

அதனால தான் கிளாஸ் கோடு. ஒவ்வொரு பேட்டன்ட்டுக்கும், எந்த மொழியில எழுதினாலும், ஆபீஸ்ல உள்ளவங்க அது எந்தத் தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததுனு ஒரு கோடு போடுவாங்க. உலகம் பூரா இருக்கறது ஐபிசி, அதுல சுமார் 70 ஆயிரம் பிரிவு. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2013 ஜனவரியிலேர்ந்து கொண்டு வந்தது சிபிசி, அது இன்னும் நுணுக்கம், சுமார் ரெண்டரை லட்சம் பிரிவு. குடைக்கு ஏ45பி, அதுக்குள்ள 25/22னு ஒரு பிரிவு இருக்கு, அது குடையோட காத்து தாங்கற சக்தியை கூட்டுற அமைப்புகளுக்கு மட்டுமே. பாருங்க, நம்ம ஐடியாவுக்குன்னே ஒரு அலமாரி ரெடியா இருக்கு! தேடும்போது இந்தக் கோடை A45B25/22னு இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடைவெளி இல்லாம போடுங்க.

இந்தக் கோடைக் கண்டுபிடிக்க ரெண்டு வழி. எஸ்பாஸ்நெட்லயே கிளாசிஃபிகேஷன் சர்ச்னு ஒண்ணு இருக்கு, அங்க வார்த்தை போட்டா எந்தப் பிரிவுனு காட்டும். ஆனா எனக்குப் பிடிச்சது ரெண்டாவது வழி தான், முதல்ல சாதாரணமா வார்த்தை போட்டுத் தேடி, உங்க ஐடியாவுக்கு ரொம்ப நெருக்கமா ஒரே ஒரு டாக்குமென்ட் கிடைக்கிற வரைக்கும் படம் படமாப் பாத்துட்டே போங்க, கிடைச்சதும் அதைத் திறந்து அதுக்கு என்ன சிபிசி கோடு போட்டிருக்காங்கனு எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் அந்தக் கோடை மட்டும் போட்டு வார்த்தை எதுவுமே இல்லாம தேடுங்க. ரிசல்ட் ரொம்ப அதிகமா வந்தா அப்ப ஒரு வார்த்தையைக் கூட சேர்த்துக் குறைக்கலாம். அந்த நல்ல டாக்குமென்ட்டோட சைட்டேஷன்ஸ் டேபையும் விடாதீங்க, அது எதையெல்லாம் மேற்கோள் காட்டுதுன்னும் இருக்கும், பின்னாடி வந்த எதெல்லாம் அதை மேற்கோள் காட்டுதுன்னும் இருக்கும். அதுல நிறையதை பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் உக்காந்து தேடிப் போட்டிருப்பாரு, அந்த உழைப்பு உங்களுக்கு சும்மா கிடைக்குது. முன்னயும் பின்னயும் ஒரு ரெண்டு அடுக்கு போனாலே அந்தத் துறையில யார் யார் இருக்காங்கனு தெரிஞ்சுடும்.

வார்த்தை போட்டுத் தேடும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம் தான். சேர்ந்து வரவேண்டிய சொற்களை டபுள் கொட்டேஷன்ல போடுங்க, கடைசியில ஸ்டார் போட்டா அந்த வேர்ல ஆரம்பிக்கிற எல்லாச் சொல்லும் வரும். யுஎஸ்பிடிஓவோட அட்வான்ஸ்டு சர்ச்ல டிஃபால்ட் ஆபரேட்டர்னு ஒரு பெட்டி இருக்கும், அது ஆர்ல (OR) இருந்தா ரெண்டு வார்த்தையில எது இருந்தாலும் கொண்டு வந்து கொட்டும், ஆண்ட்க்கு (AND) மாத்திக்கோங்க. அங்க ரெண்டு வார்த்தைக்கு நடுவுல வித்னு (WITH) போட்டா ரெண்டும் ஒரே வாக்கியத்துல இருக்கணும், சேம்னு (SAME) போட்டா ஒரே பாராவுல இருக்கணும், இது ரொம்ப உபயோகமான வசதி. பேட்டன்ட்ஸ்கோப்ல கிராஸ் லிங்குவல் எக்ஸ்பேன்ஷன்னு ஒரு ஆப்ஷன், நீங்க ஒரு மொழியில போட்ட வார்த்தையை மத்த மொழிகள்லயும் அதோட ஒத்த சொற்களோட தேடும், கிளாஸ் கோடு தேடலோட இதையும் ஒரு தடவை ஓட்டிடுங்க.

பழைய பேட்டன்ட்ல இன்னொரு விஷயம். அமெரிக்காவுல 1976க்கு முன்னாடி உள்ளது எல்லாம் ஸ்கேன் பண்ண படம், அதுலேர்ந்து மெஷின் படிச்சு எடுத்த எழுத்துல தப்பு நிறைய இருக்கும், அதனால நம்பர் வெச்சோ கிளாஸ் வெச்சோ தேடுறது தான் நம்பகமான வழி. பழகிப் பாக்க எஸ்பாஸ்நெட்ல யுஎஸ்6469ஏனு இங்கிலீஷ்ல அடிச்சுப் பாருங்க, ஆழம் கம்மியான இடத்துல படகு தட்டாம காத்து அறைகளை வெச்சு மேல தூக்குற அமைப்பு, 1849ல ஆபிரகாம் லிங்கன் வாங்கினது. அதுக்கும் முன்னாடி 1836 டிசம்பர்ல அங்க பேட்டன்ட் ஆபீஸே எரிஞ்சு போய் ஆயிரக்கணக்கான பேட்டன்ட் அழிஞ்சுது, அதுல கொஞ்சம் தான் திரும்பக் கிடைச்சுது. பழசு தானேனு ஒதுக்காதீங்க, நூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் வரைஞ்சு வெச்சது கூட உங்க ஐடியா புதுசு இல்லனு காட்டிடும்.

டாக்குமென்ட் கிடைச்சாச்சு, எப்படிப் படிக்கிறது? முதல் பக்கத்துல ஒவ்வொரு தகவலுக்கு முன்னாடியும் ஒரு நம்பர் இருக்கும், அது எந்த நாட்டுலயும் ஒண்ணு தான். 54 தலைப்பு, 57 சுருக்கம், 72 கண்டுபிடிச்சவர், 71 அப்ளிகேஷன் போட்டவர், 73 உரிமை வெச்சிருக்கறவர், 22 ஃபைல் பண்ண தேதி, 51 கிளாஸ் கோடு. ஒரு எழுத்து கூடப் புரியாத ஜப்பானிய பக்கத்துல கூட இதை வெச்சு வழி கண்டுபிடிச்சுடலாம். நம்பரோட கடைசியில வர்ற எழுத்தையும் பாருங்க, அமெரிக்காவுல ஏ1னா வெறும் அப்ளிகேஷன், பி1, பி2னா கொடுத்தாச்சுனு அர்த்தம். ஏ1ஐப் பாத்துட்டு "ஐயோ போச்சே"னு உக்காந்துடாதீங்க, அந்த அப்ளிகேஷன் தள்ளுபடி கூட ஆயிருக்கலாம். ஆனா உங்க ஐடியா புதுசாங்கிற கேள்விக்கு ஏ1ஓ பி2வோ ரெண்டும் ஒண்ணு தான், வெளியானது வெளியானது தான்.

உரிமை எதுக்குங்கறது சுருக்கத்துல இல்ல, கிளெய்ம்ஸ்ல தான் இருக்கு, அதாவது எது எதுக்கு உரிமை கேக்கறாங்கனு நம்பர் போட்டு எழுதுற பகுதியில. சுருக்கத்தைப் படிச்சு பயந்தவங்களும் உண்டு, சுருக்கத்தைப் படிச்சு நிம்மதியானவங்களும் உண்டு, ரெண்டுமே தப்பு. முதல் கிளெய்மை எடுத்து ஒவ்வொரு அம்சமா உடைச்சு எழுதுங்க, பொதுவா அதுல சொன்ன எல்லா அம்சமும் உங்க பொருள்ல இருந்தா தான் அது உங்களைத் தொடும். வார்த்தைக்கு வார்த்தை இல்லாம அதுக்குச் சமமான ஒண்ணு இருந்தாலும் மாட்டலாம்ங்கறதால இந்த இடத்துல மட்டும் வக்கீல் கருத்து கேக்கறது நல்லது.

அப்புறம் அந்த பேட்டன்ட் இன்னும் உயிரோட இருக்கானு பாக்கணும். எஸ்பாஸ்நெட்ல பேட்டன்ட் ஃபேமிலினு ஒரு டேப், அதே கண்டுபிடிப்பை எந்தெந்த நாட்டுல போட்டிருக்காங்கனு அதுல தெரியும். பேட்டன்ட் உரிமை நாட்டுக்கு நாடு தனி, நீங்க செய்யப்போற, விக்கப்போற நாட்டுல அது இல்லைனா அங்க அது தடை இல்ல. லீகல் ஈவென்ட்ஸ்ங்கிற டேப்ல கட்டணம் கட்டாம விட்டாங்களானு தெரியும், அமெரிக்காவுல மூணரை, ஏழரை, பதினொன்றரை வருஷத்துல கட்டணம் கட்டணும், கட்டாம காலாவதியானது எக்கச்சக்கம். இதை நம்பி காசு போடறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு ரெஜிஸ்டர்ல ஒரு தடவை பாத்துடுங்க, அமெரிக்கானா பேட்டன்ட் சென்டர், ஐரோப்பானா ஐரோப்பிய பேட்டன்ட் ரெஜிஸ்டர். காலாவதியானது எல்லாம் படிக்கவும் செஞ்சு பாக்கவும் எவ்வளவு பெரிய சொத்துனு நிறைய பேருக்குத் தெரியல, வரைபடத்தோட அளவோட எழுதிக் கொடுத்திருக்காங்க.

எவ்வளவு நல்லாத் தேடினாலும் ஒரு இடம் தெரியாது. அப்ளிகேஷன் போட்டு பொதுவா 18 மாசம் கழிச்சு தான் வெளியாகும், அதனால கடைசி ஒண்ணரை வருஷத்துல போட்டது பெரும்பாலும் எந்த டேட்டாபேஸ்லயும் இருக்காது. இதுக்கு ஒரே வழி திரும்பத் தேடுறது தான். எந்த சைட்ல, எந்தத் தேதியில, எந்தக் கோடும் வார்த்தையும் போட்டீங்க, எதைப் பாத்து எதுக்கு ஒதுக்கினீங்கனு ஒரு ஷீட்ல எழுதி வெச்சுக்கோங்க, பேட்டன்ட்ஸ்கோப்ல அக்கவுன்ட் போட்டா தேடலை சேவ் பண்ணியும் வெச்சுக்கலாம். பிசிடி அப்ளிகேஷன் வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகும், அதனால சேவ் பண்ண தேடலை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டிப் பாத்து புதுசா வந்ததை மட்டும் படிச்சா போதும்.