ஹாப்டிக் டிவைஸ்ல சுவர் உர்ர்ருனு அதிர்ந்தா

லேப்ல இருக்கற ஹாப்டிக் டிவைஸ் (ஸ்கிரீன்ல உள்ளத நிஜமா தொட்ட மாதிரி மோட்டாரால கைக்கு விசை குடுக்கற கருவி), பேனா மாதிரி பிடிய வச்சு ஸ்கிரீன்ல உள்ள சுவரத் தொட்டா கெட்டியா தெரியணும், ஆனா தொட்டதுமே உர்ர்ருனு அதிரும், லேசா பிடிச்சா இன்னும் மோசம் (இறுக்கிப் பிடிச்சா நம்ம கையே அதிர்வ அடக்கற டேம்பர் ஆயிடும்ல). மோட்டார் போச்சுன்னாங்க எல்லாரும். மோட்டார் பாவம் என்ன பண்ணும்!

ஃபோர்ஸ் கணக்கு கிராபிக்ஸ் லூப்லயே ஓடிட்டு இருந்துச்சு, செகண்டுக்கு 60 தடவை. கண்ணுக்கு அது போதும், கைக்கு 1000 ஹெர்ட்ஸாவது வேணும். சுவர் அதிராம இருக்க, அதோட ஸ்டிஃப்னஸையும் (விறைப்பு) சாம்பிள் நேரத்தையும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளி) பெருக்கி 2ஆல வகுத்து, அதோட சாஃப்ட்வேர் டேம்பிங்க (வேகத்துக்கு ஏத்த மாதிரி கோட் குடுக்கற எதிர்விசை) கூட்டிக்கோங்க, டிவைஸோட சொந்த டேம்பிங் அதவிட அதிகமா இருக்கணும். மீட்டருக்கு 2000 நியூட்டன் ஸ்டிஃப்னஸ் உள்ள சுவர்னா, சாஃப்ட்வேர் டேம்பிங் இல்லாமலே 60 ஹெர்ட்ஸ்ல டிவைஸ்கிட்ட 16க்கு மேல டேம்பிங் கேக்கும், 1000 ஹெர்ட்ஸ்ல 1 தாண்டினா போதும்.

லூப்ப தனி த்ரெட்ல ஹை பிரையாரிட்டில போட்டு, நடுவுல ஃபைல் எழுதறதெல்லாம் தூக்கிட்டேன், பெரும்பாலும் அடங்கிடுச்சு. மிச்ச நறநறப்பு சாஃப்ட்வேர் டேம்பிங்குக்கு எடுக்கற வெலாசிட்டியால, என்கோடர் (பிடி இருக்கற இடத்த அளக்கற சென்சார்) கவுண்ட் கவுண்ட்டா தாவுறத 1 மில்லிசெகண்டால வகுத்தா வேகம் பூஜ்யம், திடீர்னு பெருசு, மறுபடி பூஜ்யம்னு குதிக்கும். இந்தக் குதிப்ப மழுக்க லோ பாஸ் ஃபில்டர் போட்டேன், ரொம்ப ஸ்மூத் பண்ணினா டிலே ஏறி பழையபடி ஆடும், அதனால கட்ஆஃப்ப (எந்த ஃப்ரீக்வென்ஸிக்கு மேல ஃபில்டர் வெட்டணும்ங்கறது) கொஞ்சம் ஒசத்தி வச்சு சாஃப்ட்வேர் டேம்பிங்க குறைச்சதுல இப்ப ஒத்த விரல்ல தொட்டாலும் சுவர் கம்முனு நிக்குது.