கயிறு இழுத்தே தோள் போகிறதா? செயின்சாவில் நாம் செய்யும் தவறுகள்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. மறுநாள் பார்த்தால் குமரி மாவட்டத்தில் எங்கள் விளையில் (தோட்டத்தில்) ரப்பர் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வீட்டுக்கு வரும் பாதையை மறித்து ஒரு மரம். மரம் அறுக்கும் செயின்சாவை எடுத்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். முப்பது தடவையாவது இழுத்திருப்பேன். எஞ்சின் ஓடவில்லை, வலது தோள் பிடித்துக்கொண்டது. பக்கத்து விளை அண்ணன் வந்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இது எப்போ ஊற்றின பெட்ரோல் தம்பி?" என்றார். ஓணத்துக்கு முன்னால் ஊற்றியது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டினார். நாலாவது இழுப்பில் ஓடியது. அவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது.

அதன்பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஏழெட்டு இழுப்பில் ஓடாத மெஷினை மேலும் இழுக்காதீர்கள். கீழே வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

முதல் தவறு, நின்றுகொண்டு இழுப்பது. பலர் இடது கையில் மெஷினைத் தொங்கவிட்டு, அதைக் கீழே தள்ளிக்கொண்டே வலது கையால் கயிற்றை மேலே இழுப்பார்கள். பார்க்க லாகவமாக இருக்கும். ஆனால் எஞ்சின் பிடிக்கும் நொடியில் செயின் தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மெஷினின் கனம் முழுவதும் ஒரு தோளில் தொங்குகிறது. சமதரையில் வையுங்கள். வலது பூட்ஸின் முனையைப் பின் கைப்பிடிக்குள் நுழைத்து மிதித்துக்கொள்ளுங்கள். இடது கை முன் கைப்பிடியில், முழங்கை மடங்காமல் இருக்கட்டும். பேச்சிப்பாறைப் பக்கத்துச் சரிவுகளில் சமதரை கிடைக்காது. அங்கே பின் கைப்பிடியை இரண்டு தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு இழுக்கலாம்.

எடுத்த எடுப்பில் வெட்டி இழுப்பதும் தவறு. மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் தடுக்கும். அங்கிருந்து விரைவாக, நேராக இழுங்கள். கயிற்றின் கடைசிவரை போக வேண்டாம். பிடியைச் சுண்டி விடாமல் கூடவே கொண்டுபோய் விடுங்கள். இல்லாவிட்டால் கயிறும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தால் அதைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை. அது டிகம்ப்ரஷன் வால்வு. ஒவ்வொரு இழுப்புக்கும் முன் அதை அமுக்கினால் சிலிண்டரின் அழுத்தம் குறைந்து கயிறு இலேசாகும்.

"செயின் பிரேக்கை (செயினை ஓடாமல் நிறுத்தும் பிரேக்கை)ப் போட்டால் இழுக்கக் கனமாக இருக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. எஞ்சின் வேகம் ஏறிய பிறகுதான் கிளட்ச் செயினைப் பிடிக்கும். கயிறு இழுக்கும் வேகத்தில் பிரேக் எந்தக் கனத்தையும் கூட்டாது. பிரேக்கைப் போட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடியதும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை தட்டி வேகத்தை இறக்கிவிட்டு, அப்புறம் பிரேக்கை எடுங்கள்.

தோள்களை அதிகம் கெடுப்பது சோக் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) என்றே நினைக்கிறேன். குளிர்ந்த எஞ்சினுக்கு முழுச் சோக் போட்டு இழுக்கும்போது, ஒருமுறை 'பட்' என்று வெடித்து நிற்கும். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். கேட்டவுடன் சோக்கைப் பாதிக்கு இறக்க வேண்டும். கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பி பிளக் நனைந்துவிடும். அப்படி ஆனால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, பிளக் இல்லாமல் ஐந்தாறு முறை இழுத்து, மாட்டிவிட்டுச் சோக் இல்லாமல் முயலுங்கள். பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்ய வேண்டாம், 3 மீட்டராவது தள்ளிப் போங்கள். பிளக் இல்லாதபோதும் கயிறு கனமாகவே இருந்தால் கோளாறு கயிறு சுற்றும் பகுதியிலோ பிஸ்டனிலோ இருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இனி பெட்ரோலில் கலக்கும் எண்ணெய். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கடலோரத்தில் வள்ளத்துக்கு வாங்கிய அவுட்போர்டு ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கலப்பவர்கள் உண்டு. அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. செயின்சா காற்றால் குளிர்வது, சூடு அதிகம். தயவுசெய்து கலக்காதீர்கள். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஒரு மாதத்துக்கு மேல் வைக்காத அளவுக்கே கலந்துகொள்ளுங்கள்.

ரப்பர் மரம் அறுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் வடியும் தகரச் சில்லும் சிரட்டை தாங்கும் கம்பியும் பழைய மரத்தில் பட்டைக்குள் புதைந்தே கிடக்கும். அறுக்குமுன் தடவிப் பார்த்துப் பிடுங்குங்கள்; ஒரே உரசலில் செயின் மழுங்கிவிடும். பாலும் தூளும் எண்ணெயும் சேர்ந்து ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுற்றும் பல்சக்கரம்) மூடிக்குள் அடையாக ஒட்டும். தினமும் சுரண்டி எடுங்கள். ஏர் ஃபில்டரையும் அப்போதே பாருங்கள்.

மழுங்கிய செயினை அமுக்கி அறுப்பதில் இடுப்பும் தோளும் சேர்ந்து வலிக்கும். சீவலாக விழவேண்டியது மாவாக விழுந்தால் அரம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எல்லாச் செயினுக்கும் ஒரே அரம் ஆகாது, 4.0, 4.8, 5.2 மில்லிமீட்டர் என்று செயினுக்கேற்ப மாறும். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளுங்கள். எண்ணிக்கை மாறினால் வெட்டு ஒரு பக்கம் சாயும்.

வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்துங்கள். சூட்டில் நீண்டிருந்தது ஆறும்போது சுருங்கி, பாரையும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) எஞ்சினின் கிராங்கையும் இழுக்கும். மழைக்காலத்தில் வேலை இல்லையென்றால் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு எடுத்து வையுங்கள்.