கடிக்க வந்த குதிரை: கோளாறு பல்லில் இருந்தது

மெரினாவில் சவாரிக்கு ஓடி, பிறகு தெருவில் விடப்பட்ட ஒரு பெண் குதிரையைக் கொண்டுவந்து வளர்க்கிறோம். வந்தபோது விலா எலும்பை எண்ணலாம். கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வரும், தலையை உதறும்.

குடற்புழு மருந்து கொடுத்தோம், அப்புறம் கொள்ளுத் தீவனத்தைக் கூட்டினோம், சேணம் அழுத்திய புண் இருக்கிறதோ என்று முதுகைத் தடவிப் பார்த்தோம். உடம்பும் தேறவில்லை, குணமும் மாறவில்லை. அடித்துப் பழக்கச் சொன்னார்கள். பயந்த குதிரையை அடித்தால் பயம்தான் கூடும், அந்தப் பக்கமே போகவில்லை.

துப்பு கிடைத்தது தீவனத் தொட்டிக்குக் கீழே. பாதி மென்ற குதிரை மசால் (பசுந்தீவனப் பயிர்), எச்சிலோடு சுருண்டு, எலுமிச்சை அளவு உருண்டைகளாக விழுந்து கிடந்தது. கவனித்தால் தலையை ஒருபக்கம் சாய்த்துத்தான் மெல்கிறது, லத்தியிலும் கொள்ளு முழுசு முழுசாக வருகிறது.

குதிரைக்குப் பல் ஆண்டுக்கு 2-3 மி.மீ. வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை அகலம் என்பதால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் தேயாமல் கூராகிவிடும். மருத்துவர் லேசாக மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை மாட்டி, டார்ச் அடித்துக் காட்டினார்: கன்னத்தின் உட்புறம் புண், கடிவாள வார் அழுத்தும் அதே இடத்தில். நீள அரத்தால் கூரான ஓரங்களையெல்லாம் அராவிவிட்டார்.

புண் ஆறும்வரை கடிவாளமே இல்லை, ஊறவைத்த தவிடும் கொள்ளும்தான். அப்புறம் வெல்லம் தடவிய கடிவாளத்தை மோந்து பார்க்க விட்டு, தானாக வாய் திறந்த பிறகே மாட்டினோம். இப்போது காதை மடக்குவதில்லை. பெரிய நிம்மதி. அடுத்த பல் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று.