ஊதா மூடி டியூபிலிருந்து ஊற்றாதீர்கள்: லேபுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அகண்ட காவிரியின் கரையில் இருக்கும் ஒரு சிறு ஊர் மருத்துவமனையின் லேபில் வேலை பார்க்கிறேன். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கோரையும் விளையும் பகுதி. வருகிறவர்களில் பலர் நாள் முழுக்கச் சேற்றிலும் தண்ணீரிலும் நிற்பவர்கள். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்த பிள்ளைகள் வருடா வருடம் பயிற்சிக்கு வருகிறார்கள். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அதே அவசரத்தோடு செய்கிறார்கள். பெயர் மாற்றி ஒட்டுவது, கையுறை போடாமல் ஊசி பிடிப்பது பற்றியெல்லாம் கல்லூரியிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். செய்தவருக்கே தெரியாமல், ரிப்போர்ட்டில் சுத்தமான எண்ணாக வெளியே போய்விடும் தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு ஊற்றுவது

இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நடப்பது இப்படித்தான். வயதானவர், நரம்பு பிடிபடவில்லை. சிரிஞ்சில் கொஞ்சம்தான் இரத்தம் வந்திருக்கிறது. முதலில் அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி டியூபில் விட்டாயிற்று, கோட்டைத் தாண்டியும் போய்விட்டது. உறைந்த இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரிக்கும் சிவப்பு மூடி டியூபுக்குப் போதவில்லை. இன்னொரு முறை குத்தினால் பாட்டி திட்டுவார். 'ஒரே ஆளோட ரத்தம்தானே' என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் சாய்த்துவிடுகிறார்கள்.

ஆள் ஒருவர்தான். ஆனால் ஊதா டியூபின் சுவரில் தெளித்திருப்பது ஈடிடிஏ என்ற உறைவுத் தடுப்பு மருந்து. அது வெறும் ஈடிடிஏ அல்ல, அதன் பொட்டாசியம் உப்பு. ஒரு மில்லி இரத்தத்துக்குச் சுமார் 1.8 மில்லிகிராம் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். இரத்தம் உறையாமல் இருப்பதற்குக் காரணம் அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடுவதுதான். அந்த இரத்தம் சிவப்பு டியூபில் சேர்ந்தால் இரண்டு காரியம் நடக்கும்: பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். கூடவே ஏ.எல்.பி. (ஆல்கலைன் பாஸ்படேஸ்) என்ற நொதியின் அளவும் விழும். அந்த நொதி வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், ஈடிடிஏ அவற்றையும் விடுவதில்லை.

ஒரு மாலை எங்கள் லேபிலிருந்து பொட்டாசியம் 8.9 என்று ரிப்போர்ட் போனது. 3.5-லிருந்து 5.1 வரைதான் இயல்பு. 8.9 என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று பொருள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த ஒரு ஆயா, கால் அசதிக்காகப் பார்க்க வந்தவர். டியூட்டி டாக்டர் பதறிப் போய் இ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், திருச்சிக்கு அனுப்ப ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார். மகள் அழுதுகொண்டே வண்டிச் செலவுக்கு யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆயா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இ.சி.ஜி.யில் ஒன்றுமே இல்லை.

அதே சீரத்தில் கால்சியமும் ஏ.எல்.பி.யும் போட்டுப் பார்த்தேன். கால்சியம் 4.6, ஏ.எல்.பி. 14. கால்சியம் அந்த அளவுக்கு விழுந்த மனுஷி கை கால் இழுத்துக்கொண்டு கிடப்பாரே தவிர, பன் சாப்பிடமாட்டார். பயிற்சிக்கு வந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஊதாவுல இருந்து ஊத்துனியாம்மா?"

"கொஞ்சூண்டுதான்க்கா."

புதிதாக எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 4.3. அதற்குள் அந்த மகள் கம்மலை அடகு வைக்க ஆள் அனுப்பிவிட்டிருந்தார்.

இது நல்லபடி முடிந்த கதை. எண் அவ்வளவு அபத்தமாக இருந்ததால்தான் பிடிபட்டது. எனக்கு உண்மையில் பயம் தருவது சிறிய கலப்பு. பத்தில் ஒரு பங்கு கலந்தாலே பொட்டாசியம் 1 மில்லிமோலுக்கு மேல் ஏறிவிடும். கால்சியமோ இயல்பு எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாம், அப்போது அது காட்டிக்கொடுக்காது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய உண்மையான பொட்டாசியம் 2.7. உடனே மருந்து ஏற்ற வேண்டிய நிலை. நீங்கள் ஊற்றிய அந்தக் 'கொஞ்சூண்டு' அதை 3.9 ஆக்கிவிடும். இ.சி.ஜி. எடுக்க யாருக்கும் தோன்றாது, ரிப்போர்ட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே, இரத்தம் போதவில்லை என்றால் போதவில்லை என்றே சொல்லுங்கள். எந்தச் சோதனை அவசரம் என்று டாக்டரைக் கேட்டு, அதற்கு மட்டும் எடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, இன்னொரு முறை குத்துங்கள். சிரிஞ்சிலிருந்து விடும்போது நீலம், சிவப்பு, ஊதா, கடைசியில் சாம்பல் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஊசி முனையை ஊதா டியூபின் உட்சுவரில் உரசிவிட்டு அடுத்த டியூபுக்குப் போகாதீர்கள். சாம்பல் மூடி டியூப் சிலவற்றில் பொட்டாசியம் ஆக்சலேட் இருக்கும், அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஸ்பின் போடாத (மெஷினில் சுழற்றிப் பிரிக்காத) இரத்தத்தை ஃபிரிட்ஜில் வைப்பது

ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து வரும் சாம்பிள்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். பொட்டாசியத்தைச் செல்லுக்குள் பிடித்து வைத்திருக்கும் பம்ப் குளிரில் வேலை செய்யாது. சில மணி நேரத்தில் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். செல் உடைந்திருந்தால் சீரம் சிவந்து நம்மை எச்சரிக்கும். இதில் சீரம் தெளிந்த மஞ்சளாகவே இருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அரை மணி நேரம் உறைய விடுங்கள், ஸ்பின் போடுங்கள், சீரத்தைத் தனியே பிரித்தெடுங்கள், அதற்குப் பிறகு குளிரில் வையுங்கள்.

வெளியிலேயே வைத்திருந்தால் சர்க்கரை போகும். செல்கள் உயிரோடிருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோசைத் தின்றுவிடும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. சாம்பல் மூடியில் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சர்க்கரை குறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் ஃபுளோரைடு முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்கச் சொல்வது

பொட்டாசியம் ஏறும். சொல்லாதீர்கள்.

நீல மூடி டியூபைக் குறைவாக நிரப்புவது

கோடு வரை, அல்லது திரும்ப எடுங்கள். உள்ளே இருக்கும் உறைவுத் தடுப்பான சிட்ரேட் ஒரு பங்குக்கு இரத்தம் ஒன்பது பங்கு. குறைந்தால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவரின் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள்.

மெஷின் சொன்ன தட்டணு எண்ணிக்கையை அப்படியே எழுதுவது

மழைக்காலம், டெங்கு பயம். மெஷின் 28,000 என்கிறது. அந்த எண்ணைக் கேட்டதும் வீடே கதிகலங்கிப் போகும். எழுதுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். டியூபைச் சாய்த்து, ஒரு குச்சியால் உள்ளே க்ளாட் (உறைந்த கட்டி) இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்த பூச்சு) போட்டு, எண்ணெய் லென்சில் ஓரங்களில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். கொத்தாக ஒட்டியிருந்தால் மெஷின் அவற்றைத் தட்டணுவாக எண்ணாது. ஒரு ஃபீல்டில் சராசரியாக எத்தனை என்று எண்ணி 15,000-ஆல் பெருக்கினால் உத்தேச அளவு கிடைக்கும். 10 இருந்தால் ஒன்றரை லட்சம். சிலருடைய தட்டணுக்கள் ஈடிடிஏ பட்டாலே ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு நீல மூடியில் எடுத்து, வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

ஊதா டியூபை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது. குலுக்கக் கூடாது.

முதல் நாளே 'எலிக்காய்ச்சல் இல்லை' என்று சொல்லிவிடுவது

கட்டளை வாய்க்காலில் தண்ணீர் ஏறி நடவு தொடங்கியதும், காலில் வெடிப்போடும் காய்ச்சலோடும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமி ஏறுகிறது. நாம் போடுவது ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. அந்த எதிர்ப்பொருள் தென்பட, காய்ச்சல் தொடங்கி 5 முதல் 7 நாள் ஆகும். இரண்டாம் நாள் நெகட்டிவ் வந்தால், அந்தத் தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே 'காய்ச்சல் எத்தனாவது நாள்?' என்று கேட்டு ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். என்ன வேலை செய்கிறார் என்றும் கேளுங்கள். ரெக்விசிஷன் தாளில் அதற்கு இடம் இருக்காது, ஓரத்தில் எழுதுங்கள். டெங்குவிலும் நாள்தான் முக்கியம்: முதல் 5 நாளுக்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதன் பிறகு ஐ.ஜி.எம்.

சாயத்துக்குக் குழாய்த் தண்ணீர்

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பும் காரமுமானது. அதில் ஸ்மியருக்குப் போடும் லீஷ்மன் சாயத்தைக் கலந்தால் சிவப்பணுக்கள் நீலம் பாய்ந்து நிற்கும், எதையும் நம்பிப் பார்க்க முடியாது. ஆற்றுத் தண்ணீர் மென்மையானது என்று அதைப் பிடித்து வருபவர்களும் உண்டு, அதுவும் வேண்டாம். காரமும் அமிலமும் மாறாமல் நிறுத்தும் பஃபர் கரைசல் தயாரியுங்கள்: சாதாரண ஸ்மியருக்கு பி.எச். 6.8, மலேரியாவுக்கு 7.2. மலேரியாவுக்கான தடித்த ஸ்மியரில் மட்டும் மெத்தனால் படக்கூடாது. பட்டால் சிவப்பணுக்கள் கரையாது, ஒட்டுண்ணி அவற்றுக்கடியில் மறைந்துவிடும்.

போனில் எண் சொல்வது

'சிக்ஸ்டீன் தௌசண்ட்' என்று சொன்னது வார்டில் 'சிக்ஸ்டி' என்று விழுகிறது. ஆபத்தான எண்ணை 'ஒன், சிக்ஸ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். கேட்ட சிஸ்டரைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நேரத்தையும் கேட்டவர் பெயரையும் ரிஜிஸ்டரில் எழுதிய பிறகு போனை வையுங்கள்.