மீன் எண்ணெய் மாத்திரையா, மத்தி மீனா?

இதயத்துக்கு நல்லது என்று மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும் முன், டப்பாவின் பின்பக்கம் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்புகளின் அளவைக் கூட்டிப் பாருங்கள். முன்னால் 1000 மி.கி. என்று பெரிதாக இருக்கும். சாதாரண வகையில் இவை இரண்டும் சேர்ந்து 300 மி.கி.தான் தேறும். நமக்கு வேண்டிய ஒமேகா 3 அவ்வளவுதான், மீதி வேறு கொழுப்பு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் வாங்கும் மத்தியில் 100 கிராமுக்கே பெரும்பாலும் 1 கிராமாவது கிடைக்கும், விலையும் குறைவு. வாரம் இரண்டு நாள் போதும். பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்த வேண்டாம். யூரிக் அமிலத் தொல்லை இருந்தால் மத்தி ஆகாது. அப்புறம், நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கையோ தாடையோ வலித்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.