கொண்டிஸ் கரைசலின் செறிவை ஒளியால் அளப்பது எப்படி?

வெள்ளவத்தையில் ஏதாவதொரு தேநீர்க் கடையில் பிளேன்டீ வாங்கி, கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாயம் குறைவென்றால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரல் தெரியும். சாயம் கூடினால் தெரியாது. கண்ணால் நாம் செய்யும் இந்த மதிப்பீட்டை எண்ணாக்கித் தருவதுதான் நிறமானியின் வேலை. உயர்தரம் முடித்து, முதல் தடவை அந்தக் கருவிக்கு முன்னால் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. கரைசலுக்குள் போன ஒளியில் பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் உறிஞ்சல் 1. நூறில் ஒரு பங்குதான் வந்தால் 2. இப்படி மடக்கையில் எழுதுவதால், செறிவு இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்கிறது. வரைபில் நேர்கோடு கிடைக்கிறது. ஒளி கடக்கும் தடிப்பைப் பற்றி 1729இல் புகேயும் 1760இல் லம்பேட்டும் சொன்னதோடு, 1852இல் பியர் செறிவையும் சேர்த்தார். பியர்-லம்பேட் விதி என்று படிப்பது இதைத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். பொற்றாசியம் பரமங்கனேற்று, அதாவது நம் வீடுகளில் கொண்டிஸ் என்று சொல்லும் ஊதாப் பளிங்கு, பழகுவதற்கு மிக நல்லது. கையில் பட்டால் கபில நிறக் கறை பிடிக்கும், கையுறை போடுங்கள்.

படி 1: 0.158 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் முழுதாகக் கரைத்து, கனமானக் குடுவையில் 1 லீற்றராக்குங்கள். இது லீற்றருக்கு 1 மில்லிமூல். அடியில் ஒரு பளிங்குகூட மிஞ்சக் கூடாது. கடும் ஊதா என்பதால் எளிதில் தெரியாது. சரித்துப் பார்க்க வேண்டும்.

படி 2: அதிலிருந்து 2, 4, 6, 8, 10 மில்லிலீற்றர் எடுத்து, ஒவ்வொன்றையும் 50 மில்லிலீற்றராக்குங்கள். செறிவுகள் லீற்றருக்கு 0.04 முதல் 0.20 மில்லிமூல் வரை வரும். செறிவு தெரிந்த இவைதான் உங்கள் நியமக் கரைசல்கள். குழாயியில் பிறையுருவின், அதாவது கரைசலின் வளைந்த மேற்பரப்பின், அடி தெரியாவிட்டால் மேல் விளிம்பைப் பாருங்கள், ஆனால் ஐந்து தடவையும் அதே விளிம்பைப் பாருங்கள். கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்த இடத்தில் விட்ட பிழையை அது திருத்தாது.

படி 3: அலைநீளத்தை 525 நானோமீற்றரில் வையுங்கள். வடிகட்டி உள்ள நிறமானி என்றால் பச்சை. ஊதாக் கரைசல் பச்சை ஒளியைத்தான் விழுங்குகிறது.

படி 4: கியூவெட்டில், அதாவது கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு கலத்தில், வெறும் நீரை விட்டுப் பூச்சியமாக்குங்கள். அப்புறம் ஐதான கரைசலில் தொடங்கிச் செறிந்ததை நோக்கிப் போங்கள். ஒவ்வொரு தடவையும் அளக்கப்போகும் கரைசலாலேயே கியூவெட்டை அலசுங்கள்.

கியூவெட்டைப் பிடிக்கும் விதம் முக்கியம். சொரசொரப்பான இரு பக்கங்களில் மட்டும் விரல் படலாம். தெளிவான பக்கங்கள் ஒளியின் பாதை. ஒருமுறை எனக்கு அளவீடு ஏறியபடியே இருந்தது. கருவியில் கோளாறு என்று நினைத்து அரை மணித்தியாலம் போனது. கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றியிருந்தேன்; கொழும்பின் ஈரக் காற்றில் கியூவெட்டின் வெளிப்புறம் பனி படர்ந்திருந்தது. ஆகவே கரைசல் அறை வெப்பநிலைக்கு வரட்டும். மெல்லிய தாளால் துடைத்து, உள்ளே குமிழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

படி 5: கிடையச்சில் செறிவு, நிலையச்சில் உறிஞ்சல். 1 சதமமீற்றர் கியூவெட்டில் படித்திறன் ஏறத்தாழ 2.4 வரும். தெரியாத கரைசல் 0.36 காட்டினால், 0.36ஐ 2.4ஆல் வகுக்க லீற்றருக்கு 0.15 மில்லிமூல். நீங்கள் வரைந்த கோட்டின் படித்திறனையே பயன்படுத்துங்கள், என்னுடையதை அல்ல.

அளவீடு கடைசி நியமக் கரைசலையும் தாண்டினால், அடிமட்டத்தை வைத்துக் கோட்டை நீட்ட வேண்டாம். மாதிரியில் 5 மில்லிலீற்றர் எடுத்து 50 ஆக்கி மறுபடி அளந்து, கிடைத்த விடையைப் பத்தால் பெருக்குங்கள்.